உச்சியில் இடமில்லாத டவரும் கீழ் பேண்டுகளும்

ஹாம் ரேடியோ: வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 40, 80, 160 மீட்டர் பேண்டுகளைப் பற்றியவை (இங்கே மீட்டர் என்பது அலைநீளம்; அலை நீண்ட இவற்றைத்தான் கீழ் பேண்டுகள் என்கிறோம்). காரணம் புரிகிறது. 2019 டிசம்பரில் தொடங்கிய 25-ஆவது சூரியச் சுழற்சி 2024-ல் உச்சத்தைத் தொட்டாயிற்று, இனி இறங்குமுகம்தான். சூரியன் அடங்க அடங்க 10 மீட்டர் போன்ற மேல் பேண்டுகளில் தூரத்து நிலையங்கள் கிடைப்பது குறையும். 10 மீட்டரில் கொஞ்சம் வாட்டை வைத்துக்கொண்டே ஐரோப்பாவைப் பிடித்து மகிழ்ந்தவர்கள் இன்னும் சில வருடங்களுக்கு, பொழுது சாய்ந்ததும் கீழ் பேண்டுகளுக்கு வந்தாக வேண்டும். ஆனால் மேல் பேண்டுகள் நன்றாக இருந்த காலத்தில் டவர் உச்சியை எல்லோரும் அவற்றின் ஆண்டெனாக்களால் நிரப்பி வைத்திருக்கிறோம். கடலூரிலிருந்து வந்த கடிதம் இந்தச் சிக்கலை முழுதாகச் சொல்கிறது. அதனால் அதற்கு விரிவாகப் பதில் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி (கடலூர் வாசகர்): வணக்கம் சார். வீட்டு மனையின் நடுவில் 18 மீட்டர் லாட்டிஸ் டவர் இருக்கிறது, மூன்று திசையிலும் ஸ்டே வயர் (டவரை இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டியது. ரோட்டருக்கு (ஆண்டெனாவைத் திருப்பும் மோட்டார்) மேலே மாஸ்ட்டில் (டவர் தலையிலிருந்து நீளும் குழாய்) 20, 15, 10-க்கான மூன்று எலிமெண்ட் (குறுக்குக் குழாய்) ட்ரைபேண்டர், அதற்கு மேலே 6 மீட்டர் பேண்டுக்கான யாகி (ஒரு திசையைக் குறிவைக்கும் ஆண்டெனா), எல்லாவற்றுக்கும் மேலே 2 மீட்டர் பேண்டுக்கான வெர்டிக்கல் (செங்குத்து ஆண்டெனா). டவரின் பக்கத்தில் 30 மீட்டர் பேண்டுக்கான டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி) ஒன்றும் தொங்குகிறது. 40-ம் 80-ம் சேர்க்க வேண்டும், முடிந்தால் 160-ம். நண்பர் ஒருவர் 40 மீட்டருக்கான இரண்டு எலிமெண்ட் யாகியை, காயில் வைத்துக் குட்டையாக்கியது, விலைக்குத் தருகிறேன் என்கிறார். மாஸ்ட்டில் கொஞ்சம் நீளம் மீதி இருக்கிறது. ஏற்றலாமா? மனை 20 மீட்டர் அகலம், 36 மீட்டர் நீளம்.

பதில்: ஏற்ற வேண்டாம். அந்த யாகி நல்ல ஆண்டெனாதான், வேறு ஒருவருடைய வெறும் டவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். உங்கள் ஊரும் உங்கள் மாஸ்ட்டும்தான் தடை.

முதலில் காற்று. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருக்கிறார்கள். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கடலூருக்கு நீங்கள் புதுச்சேரிக் கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் ஊரில் என்ன செய்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வந்ததை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று கிடைக்கும். 39-க்கு ஏறக்குறைய 910, அதாவது சுமார் 93 கிலோ எடை தள்ளுவது போல. 50-க்கு 1500, அதாவது சுமார் 150 கிலோ. வேகம் கால் பங்கு சொச்சம் கூடினால் தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. கோயம்புத்தூரில் தாங்கிய அமைப்பு கடலூரில் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்த 40 மீட்டர் யாகி காற்றுக்குக் காட்டும் பரப்பை அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் புயல் நாளில் அது மட்டும் 75 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளும், அதுவும் டவர் முடிகிற இடத்துக்கு 2 மீட்டர் மேலே நின்றுகொண்டு. டவரை ஸ்டே வயர் பிடித்துக்கொள்ளும், மாஸ்ட்டைப் பிடிக்க எதுவுமில்லை. மாஸ்ட் வளைவது டவரின் தலையில் அது நுழைகிற பேரிங் இருக்கிற இடத்தில்தான், உங்களுடைய மாஸ்ட் சாதாரண ஜி.ஐ. தண்ணீர்ப் பைப் என்றால் (கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் அதைத்தான் போடுகிறார்கள்) இப்போது இருப்பதே அதற்குப் போதுமான பாரம். 13 மீட்டர் நீள எலிமெண்டுகளின் ஒரு பக்கத்தில் மட்டும் காற்று அறைந்தால் ரோட்டரின் பிரேக் படும் பாடு தனி.

அடுத்தது ஆண்டெனாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது. 7 மெகாஹெர்ட்ஸை மூன்றால் பெருக்கினால் 21. 40 மீட்டருக்கு வெட்டிய முழு நீள டைபோல் 15 மீட்டரிலும் கிட்டத்தட்ட ரெசொனன்ஸ் (அந்த அதிர்வெண்ணோடு ஒத்திசைவு) ஆகிவிடும் என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனால் அதே கம்பி உங்கள் ட்ரைபேண்டருக்கு மிக அருகில், அதற்கு இணையாக நின்றால் 15 மீட்டரில் கேட்காமலேயே ஓர் எலிமெண்ட் கூடிவிட்டது போல ஆகும். நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ட்ரைபேண்டருக்கு 1 மீட்டர் மேலே ஒரு 40 மீட்டர் சுழலும் டைபோலைப் போட்டேன், 15 மீட்டரில் 1.3 ஆக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2.6-க்குப் போனது, அதைவிட மோசம், ஆண்டெனாவின் முதுகுப் பக்கம் வந்த நிலையங்களும் முன்பக்கம் போலவே கேட்டன. கனெக்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துக் கேபிளையெல்லாம் மாற்றினேன். கடைசியில் டைபோலை 90 டிகிரி திருப்பி வைத்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. இரண்டு எலிமெண்ட் யாகியை அப்படி ட்ரைபேண்டருக்குக் குறுக்கே வைத்தால் திசை காட்டுவது குழப்பமாகும், இணையாக வைக்க வேண்டுமென்றால் 2.5 முதல் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். நடுவே 6 மீட்டர் யாகியும் உட்கார்ந்திருக்கும் உங்கள் மாஸ்ட்டில் அந்த இடைவெளி கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? கீழ் பேண்டுகளுக்கு டவர் உச்சி தேவையில்லை, டவரின் உயரம்தான் தேவை. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். உச்சியில் வைப்பது என்றால் எடை, காற்று, ரோட்டர். உயரத்தைப் பயன்படுத்துவது என்றால் ஒரு கப்பி, ஒரு கயிறு, கொஞ்சம் செம்புக் கம்பி.

முதல் வேலை, அந்த 30 மீட்டர் டைபோலைக் கீழே இறக்குங்கள். கூட்டமான டவரில் ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் ஒன்றை இறக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் வழக்கம். அதன் கோஆக்ஸ் கேபிளை (ரேடியோவோடு இணைக்கும் கேபிள்) அப்படியே வைத்துக்கொண்டு, அதே முனையில் 80, 40, 30 மூன்றுக்கும் கம்பிகளைக் கட்டி ஓர் இன்வெர்டட் வீ (நடு உயர்ந்து, இரு கைகளும் கீழே சரியும் டைபோல்) ஆக்கிவிடலாம், கூடுதலாக ஒரு கேபிள்கூட மேலே போகாது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும், அதில் பாதி ஒவ்வொரு கைக்கும். 3.6-க்கு ஒரு கை ஏறக்குறைய 20 மீட்டர், 7.1-க்கு 10 மீட்டர், 10.12-க்கு 7 மீட்டர். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். கைகளைச் சரித்துக் கட்டும்போது ரெசொனன்ஸ் பெரும்பாலும் கீழே இறங்கும், பி.வி.சி. உறை போட்ட வயர் என்றால் இன்னும் இறங்கும், ஆகவே வெட்ட வேண்டிதான் வரும், ஒட்ட வேண்டி வராது. 80-ஐ முதலில் சரிசெய்யுங்கள், அப்புறம் 40, கடைசியில் 30, பிறகு ஒருமுறை மூன்றையும் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும்.

இடம் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், போதும். டவரில் 16 மீட்டர் உயரத்தில், ட்ரைபேண்டரிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாமல் கீழே இருக்கும்படி, ஒரு அடி வெளியே நீட்டிய ஆங்கிளில் கப்பியை மாட்டுங்கள். 80-இன் கைகளை மனையின் நீளவாக்கில் இழுத்தால் 20 மீட்டர் கம்பியின் முனை டவரிலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் வந்து நிற்கும், கைகளுக்கு இடையில் கோணம் 100 டிகிரி கிட்ட. இது நல்ல கோணம், 90-க்குக் கீழே மட்டும் போக விடாதீர்கள். 3 மீட்டர் உயரம் என்று நான் சொன்னதைக் குறைக்காதீர்கள், கம்பியின் முனையில்தான் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும், விளையாடும் குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. 40-இன் கைகளை மனையின் அகலவாக்கில், 80-க்குக் குறுக்கே இழுத்து, ஓரத்தில் ஒரு 6 மீட்டர் பைப்பிலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ கயிற்றைக் கட்டுங்கள். தென்னை மரம் இருந்தால் அதில் கட்டலாம், ஆனால் நேராக முடிச்சுப் போடாதீர்கள், தென்னை ஆடும் ஆட்டத்தில் கம்பி அறுந்துவிடும். மரத்தில் ஒரு கப்பியை மாட்டிக் கயிற்றின் மறுமுனையில் 3, 4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் மரம் ஆட ஆட எடை ஏறி இறங்கிக்கொள்ளும். 30-இன் கம்பி 40-க்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கலாம். மையத்தில் கட்டாயம் ஒரு சோக் (கேபிளின் உறையில் ரேடியோ மின்சாரம் ஓடாமல் தடுப்பது) வேண்டும். 31 மிக்ஸ் (ஃபெரைட்டின் கலவை எண்) ஃபெரைட் வளையம் கிடைத்தால் மெல்லிய கோஆக்ஸை அதில் பன்னிரண்டு சுற்றுப் போடுங்கள், கீழ் பேண்டுகளுக்கு 43 மிக்ஸை விட அது நல்லது.

இந்த வீ என்ன தரும்? 80 மீட்டரில் 16 மீட்டர் உயரம் என்பது அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சக்தியில் பெரும்பகுதி நேராக வானத்துக்குப் போய் அயனி மண்டலத்தில் பட்டு மழை போலச் சுற்றிலும் விழும். டி.எக்ஸுக்கு (தொலைதூர நிலையங்களோடு பேசுவதற்கு) இது உதவாது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. அந்த மாதிரி நாளில் நமக்கு வேண்டியது அமெரிக்கா இல்லை, திருச்சியும் சென்னையும் வேண்டும். 20 மீட்டரில் திருச்சி தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். பகலில் 40-ம் இரவில் 80-ம், தாழ்வான ஒரு வீயும் இருந்தால் தமிழ்நாடு, கேரளா, இலங்கை முழுக்க ஓட்டை இல்லாமல் பேசலாம். 2004 டிசம்பரில் அந்தமானுக்கு டி.எக்ஸ். பயணமாகப் போயிருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு, சுனாமி அடித்த பிறகு போர்ட் பிளேரிலிருந்து சேதி அனுப்பும் நிலையமாக மாறியது நம் எல்லோருக்கும் தெரியும். கடற்கரை ஊரில் டவர் வைத்திருக்கும் நீங்கள் அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்.

டி.எக்ஸுக்கும் வழி இருக்கிறது, அது உங்கள் டவரேதான். 18 மீட்டர் இரும்பு, அதன் தலையில் ட்ரைபேண்டர் என்கிற பெரிய உலோகத் தொப்பி. இந்தத் தொப்பி மின்சார அளவில் டவரை நீளமாக்கிவிடுகிறது, 160 மீட்டருக்குக் கால் அலைநீள வெர்டிக்கலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நீங்கள் தொல்லை என்று நினைக்கிற அந்தக் கூட்டம் இங்கே உதவிக்கு வருகிறது. வெறும் 18 மீட்டர் கம்பத்தால் 160-இல் இவ்வளவு செய்ய முடியாது. டவரின் அடி எர்த் ஆகியிருக்கிறதே என்று கவலை வேண்டாம், அதைத் தொடாமல் ஷண்ட் ஃபீட் செய்யலாம். மேலே 14, 15 மீட்டர் உயரத்தில் டவரோடு இணைத்த ஒரு கம்பியை டவரிலிருந்து முக்கால் மீட்டர் விலக்கி, பி.வி.சி. பைப் துண்டுகளால் தள்ளிப் பிடித்துக் கீழே கொண்டுவாருங்கள், கீழ் முனைக்கும் கோஆக்ஸுக்கும் இடையில் தொடர்வரிசையில் ஒரு மாறும் கண்டென்சர். மேலே இணைக்கும் இடத்தையும் விலக்கத்தையும் மாற்றி மாற்றி 50 ஓம் வரும் இடத்தைத் தேட வேண்டும், பொறுமை வேண்டிய வேலை, நானோ வி.என்.ஏ. (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) கையில் இருந்தால் ஒரு நாளில் முடியும். சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் பழைய வால்வு ரேடியோ கேங் கண்டென்சர் கிடைக்கும், டியூன் செய்து பார்க்க அது போதும், 100 வாட் விட்டால் தகடுகளுக்கு நடுவே பொறி பறக்கலாம். அளவு எத்தனை பிக்கோஃபாரட் என்று தெரிந்துகொண்டு பிறகு அகல இடைவெளி உள்ளதைப் போடுங்கள். இந்தியாவில் நமக்கு 160-இல் கொடுத்திருப்பது ஒரு குறுகிய பகுதி மட்டும்தான், அதற்கு ஒரே டியூனிங் பெரும்பாலும் போதும்.

ஷண்ட் ஃபீட்டில் தோற்பவர்கள் தோற்பது இரண்டே இடத்தில். ஒன்று கேபிள்கள். மேலிருந்து வரும் எல்லாக் கோஆக்ஸும் ரோட்டர் கேபிளும் டவரின் உள்பக்கமாக இறங்கி, உச்சியிலும் அடியிலும் உறை டவரோடு இணைக்கப்பட்டு, தரைமட்டத்துக்கு வந்த பிறகே வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். பத்தடி உயரத்தில் ஜன்னலுக்கு நேராக வளைத்துக் கொண்டுபோயிருந்தால் அந்தக் கேபிளும் ஆண்டெனாவாகிவிடும், மைக்கைத் தொட்டால் சுடும், கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். மற்றொன்று ரேடியல், அதாவது டவரின் அடியிலிருந்து தரையில் பரப்பும் கம்பிகள். நான்கு எர்த் ராடு அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ராடு இடிக்கு, ரேடியல்தான் ரேடியோவுக்கு. உங்களிடம் 200 மீட்டர் கம்பி இருந்தால் அதை 40 மீட்டரில் ஐந்தாக வெட்டாதீர்கள், 12 மீட்டரில் பதினாறாக வெட்டிச் சக்கரத்தின் ஆரம் போல எல்லாப் பக்கமும் புல்லுக்கடியில் பரப்புங்கள். கடலோர மண்ணின் ஈரமும் உப்பும் உங்களுக்குச் சாதகம், உள்நாட்டில் செம்மண் மேட்டில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. செம்பு அங்கே சீக்கிரம் பச்சை பிடிக்கும், இணைப்புகளை வருடம் ஒருமுறை தோண்டிப் பாருங்கள்.

ஸ்டே வயர்களையும் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் இன்சுலேட்டர் போட்டு, நடுவில் உடைக்காமல் விட்ட 20 மீட்டர் ஸ்டே வயர் 40 மீட்டர் பேண்டுக்கு ஒரு முழு டைபோல். அதற்குப் பக்கத்தில் உங்கள் வீ தொங்கினால் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும், நீங்கள் எவ்வளவு வெட்டினாலும் கணக்கு ஒத்துவராது. முட்டை இன்சுலேட்டர் வைத்து 4 மீட்டருக்கு மேல் போகாத துண்டுகளாக உடைத்துவிட்டால் எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) முழுக்கக் கவலையில்லை. முட்டை இன்சுலேட்டரில் இரண்டு வளையமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி இருக்கும் என்பதால் பீங்கான் நொறுங்கினாலும் ஸ்டே அறுந்து விழாது, வேறு எந்த வகையையும் ஸ்டேயில் போடாதீர்கள். ஒரு ஸ்டேயைக் கழற்றும் முன் தற்காலிக ஸ்டே ஒன்றை அதே இடத்தில் இழுத்துக் கட்டியாக வேண்டும், இதில் அவசரம் கூடவே கூடாது.

இப்போது இருக்கிற ஆண்டெனாக்களின் எஸ்.டபிள்யூ.ஆரைப் பேண்டின் இரு முனையிலும் நடுவிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு மாற்றம் செய்ததும் மறுபடி எல்லாவற்றையும் அளங்கள். ஒரே நாளில் மூன்று வேலை செய்துவிட்டு எதனால் கெட்டது என்று தேடுவது போலக் கொடுமை வேறில்லை. முதலில் வீ. அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நிற்கட்டும். டவரை ஷண்ட் ஃபீட் செய்வது அடுத்த கோடைக்கு.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ஹாஃப் ஸ்லோப்பர் போட்டால் இத்தனை வேலை வேண்டாமே? டவர் உச்சியிலிருந்து சரிவாக இறங்கும் ஒரே கம்பி, 80-க்கு 20 மீட்டர். ஒருவருக்கு அருமையாக வேலை செய்கிறது, எனக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 4-க்குக் கீழே வரவே இல்லை.

பதில்: அந்த ஒருவருடைய டவர் உங்களுடையது அல்ல, விஷயம் அவ்வளவுதான். ஹாஃப் ஸ்லோப்பரில் கோஆக்ஸின் உறை டவரோடு இணைகிறது, ஆகவே டவரும் உச்சியில் இருக்கிற யாகியும்தான் ஆண்டெனாவின் மறுபாதி. அவற்றின் உயரமும் அளவும் ஒத்துவந்தால் முதல் நாளே 1.2, இல்லாவிட்டால் என்ன செய்தாலும் வராது. கம்பி இணையும் இடத்தை டவரில் 2, 3 மீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள், கம்பிக்கும் டவருக்கும் உள்ள கோணத்தை 45 டிகிரி வரை விரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் அதோடு விட்டுவிட்டு இன்வெர்டட் வீக்குப் போங்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): ஐயா, 80 மீற்றரில் இரவில் இரைச்சல் எஸ்9-க்கு (சிக்னல் மீற்றரில் வலுவான நிலை) மேல் நிற்கிறது. நான் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறதாம், எனக்குத்தான் யாரையும் கேட்பதில்லை. 15 மீற்றர் கம்பத்தில் அன்ரனாக்கள் நிறைந்துவிட்டன. இன்னும் உயர்த்த வேண்டுமா?

பதில்: உயர்த்த வேண்டாம். கேட்பதற்கென்று தனியாக ஒரு சிறிய அன்ரனாவைத் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்தால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, எல்.இ.டி. விளக்கின் மலிவான டிரைவர், போன் சார்ஜர், சோலார் இன்வெர்டர். ஒவ்வொரு பியூஸாகப் போட்டுக்கொண்டே வந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். குறையவில்லை என்றால் அக்கம்பக்கம், இல்லாவிட்டால் வானம். நம் பகுதியில் சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் இரைச்சலை எந்த அன்ரனாவும் முழுதாக நீக்காது. தை, மாசி இரவுகள்தான் 80-க்கும் 160-க்கும் நம் பருவம், அப்போது விடிவதற்கு முந்தைய அரைமணி நேரத்தைத் தவற விடாதீர்கள்.

கேட்கும் அன்ரனாவுக்குச் சக்தி அனுப்பும் திறமை தேவையில்லை, இரைச்சல் வரும் பக்கத்துக்குக் காதை மூடிக்கொள்ளத் தெரிந்தால் போதும். கே9ஏஒய் (K9AY) லூப் என்று தேடிப் பாருங்கள். நடுவில் 7.5 மீற்றர் மூங்கில் அல்லது ஃபைபர் கம்பம், 26 மீற்றர் கம்பியில் ஒரு வளையம், அடியில் 500 ஓம் கிட்ட ஒரு ரெசிஸ்டர். வளையத்தின் ஒரு பக்கம் நன்றாகக் கேட்கும், மறுபக்கம் அடங்கும். குறுக்கே இன்னொரு வளையமும் ஒரு ரிலேயும் வைத்தால் நான்கு திசை. முற்றத்தில் 9 மீற்றர் வட்டம் இருந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல் வந்துவிடும், எர்த் ராடு ஆழமாக இறங்காது. அதற்குப் பதில் நான்கைந்து மீற்றர் நீளத்தில் நான்கு கம்பிகளை வளையத்தின் அடியிலிருந்து பரப்பிவிடுங்கள். அனுப்பும் கம்பத்திலிருந்து வளவின் எதிர் மூலைக்கு, எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள், அனுப்பும்போது லூப்பைத் துண்டிக்க ஒரு ரிலே கட்டாயம், இல்லாவிட்டால் ரிசீவரின் முன்பகுதி எரிந்துவிடும். மீற்றர் முள் குறைவாகத்தான் ஆடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், குரல் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து): என் கணவர் உங்கள் பகுதியைத் தவறாமல் படிப்பவர். வயது 61. போன மாதம் யாருக்கும் சொல்லாமல் தனியாக டவர் மேல் ஏறி இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினார். இடுப்பில் லைன்மேன் கட்டுகிற மாதிரி ஒரு பெல்ட் மட்டும். கேட்டால் முப்பது வருடமாக ஏறுகிறேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

பதில்: அம்மா, கடிதம் எழுதியதற்கு நன்றி. அவருக்கே எழுதுகிறேன்.

சார், இனித் தனியாக ஏறாதீர்கள். முப்பது வருட அனுபவம் உங்களுக்கு எந்தப் போல்ட்டில் எந்த ஸ்பேனர் என்று சொல்லும், அது உண்மை. ஆனால் டவருக்கும் அதே முப்பது வருடம் ஆகியிருக்கிறது, வெல்டிங் உள்ளே துரு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கீழிருந்து தெரியாது. இடுப்புப் பெல்ட் வேலை செய்யும்போது சாய்ந்துகொள்ள உதவும், விழுந்தால் காப்பாற்றாது, முதுகை உடைக்கும், அல்லது தலைகீழாகத் தொங்கவிடும். தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ் கட்டட வேலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அதோடு இரண்டு கொக்கிக் கயிறுகள், ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றது டவரோடு இருக்க வேண்டும், ஒரு நொடிகூட இரண்டும் காற்றில் இருக்கக் கூடாது. ஏறும் முன் ஒவ்வொரு ஸ்டேயையும் கையால் இழுத்துப் பாருங்கள், டர்ன்பக்கிளில் (ஸ்டேயை இறுக்கும் திருகு) பாதுகாப்புக் கம்பி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ரேடியோவின் சப்ளையையும் ரோட்டரையும் கீழேயே துண்டித்துவிடுங்கள். கீழே ஒருவர் நிற்க வேண்டும், ஹெல்மெட்டோடு, டவரின் நேரடியில் இல்லாமல் தள்ளி, கையில் போனோடு.

இன்னொன்று, இதை எல்லா வாசகர்களுக்குமாகச் சொல்கிறேன். புதிதாகக் கம்பி இழுப்பவர்கள் மின்வாரியக் கம்பிக்கு மேலேயோ கீழேயோ எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கம்பி அறுந்தாலும் கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தூரம் இருக்க வேண்டும். கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் என்று நான் வைத்திருக்கிறேன். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை மரத்தின் மேல் எறிகிறவர்கள் மறுபக்கம் என்ன போகிறது என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு எறியுங்கள்.

இன்வெர்டட் வீயைக் கப்பியில் தொங்கவிடச் சொன்னதற்கும் இதுதான் முதல் காரணம். ஒருமுறை ஏறிக் கப்பியை மாட்டிவிட்டால் அப்புறம் கம்பியை வெட்டவும் இணைப்பைப் பார்க்கவும் கயிற்றைத் தளர்த்தி ஆண்டெனாவைத் தரைக்குக் கொண்டுவரலாம், ஆள் மேலே போக வேண்டாம். கயிறு கறுப்பு நிற பாலியெஸ்டராக இருக்கட்டும், மளிகைக் கடைப் பச்சைக் கயிறு ஒரு கோடை வெயிலில் பொடிந்துவிடும்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): லைசென்ஸ் இப்போதுதான் வந்திருக்கிறது. டவரெல்லாம் கிடையாது. மூன்றாவது மாடி மொட்டை மாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி. 40 மீட்டரில் பேச ஏதாவது வழி உண்டா?

பதில்: தாராளமாக. 20 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய வயர், அதன் ஒரு முனையில் 49-க்கு 1 டிரான்ஸ்பார்மர், இரண்டு மீட்டருக்குக் குறையாத கோஆக்ஸ், ரேடியோ பக்கத்தில் ஒரு ஃபெரைட் சோக். டிரான்ஸ்பார்மரை நீங்களே சுற்றலாம், 43 மிக்ஸ் வளையத்தில் இரண்டு சுற்றுக்குப் பதினான்கு சுற்று. தொட்டியின் மேல் ஒரு பைப்பை நிறுத்தி அதன் உச்சியில் ஒரு முனை, மறுமுனை மாடியின் எதிர் மூலையில் ஆள் தலைக்கு மேலே இருக்கும்படி ஒரு கழியில். இடம் போதாவிட்டால் கடைசி 4, 5 மீட்டரை மூலையில் மடக்கி ஓரத்தோடு கொண்டுபோகலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. துணி காயப்போடும் கம்பியிலிருந்து மட்டும் விலக்கிக் கட்டுங்கள், வீட்டில் எல்லோருக்கும் அது என்ன கம்பி என்று சொல்லிவையுங்கள். இதே வயர் 20, 15, 10-லும் ஏறக்குறைய ரெசொனன்ஸ் ஆகும். மூன்று மாடி உயரம் உங்களுக்குக் காசில்லாமல் கிடைத்த டவர். முதல் தொடர்பு கிடைத்ததும் யாரோடு, எத்தனை வாட்டில் என்று எழுதி அனுப்புங்கள்.